ஏழாவது துளையும் எட்டாவது துளையும்

ஒன்பது வருடம் வீட்டில் இருந்துவிட்டு, நாற்பதாவது வயதில் மறுபடியும் வேலைக்குப் போனேன். மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டின் மாடிதான் அலுவலகம். கீழே வீட்டுக்காரர் குடும்பம் இருந்தது. அவர்கள் தாளிக்கும் வாசனை பதினொரு மணிக்கு மேலே வந்துவிடும். குவாரியும் சுரங்கமும் நடத்துகிறவர்களுக்கு, அவர்களுடைய நிலத்துக்கடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அறிக்கை எழுதிக்கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. கல்யாணத்துக்கு முன்பு நான் சுத்தியலும் பையுமாகக் காடுமேடு சுற்றிய நிலவியலாளர். இந்த முறை கிடைத்தது மேசை வேலை. பழைய அறிக்கைகளைப் படித்து, அதில் சொல்லியிருக்கும் கனிமத்துக்கெல்லாம் சர்வதேச முறைப்படி எண் போட வேண்டும்.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் நன்றாக வரும். நான் செய்வது என்ன வேலை என்று கேட்டாள். விளக்கினேன். கேட்டுவிட்டு, "கல்லுக்கு மார்க் போடறே, அல்வா?" என்றாள். கன்னடத்தில் அல்வா என்றால் 'இல்லையா'. ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். இதில் ஒன்றுதான் நல்ல மார்க், எண் ஏற ஏற மதிப்பு இறங்கும் என்றதும் அவளுக்குச் சிரிப்பு.

அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஒவ்வொரு நாட்டுக்காரரும் தங்கள் கனிம வளத்துக்குத் தங்கள் சொல்லையே வைத்திருந்தார்கள். நிச்சயமாக இருக்கிறது, அநேகமாக இருக்கிறது, இருக்கக்கூடும். ஒருவருடைய அநேகம் இன்னொருவருக்கு வெறும் ஊகம். நிலக்கரிக்கு ஒரு கணக்கு, எண்ணெய்க்கு ஒரு கணக்கு. எல்லோரும் கூடிப் பேசி, எந்த நாட்டு நிலக்கரியானாலும் எந்த ஊர்க் கல்லானாலும் மூன்று எண்களால் சொல்வது என்று ஒரு முறையை உண்டாக்கினார்கள். முதல் எண், சந்தையும் சட்டமும் சுற்றுச்சூழலும் அங்கே இருக்கும் மக்களும் அதை எடுக்க இடம் கொடுக்கிறார்களா என்பதைச் சொல்லும். இரண்டாவது, எடுப்பதற்கான திட்டமும் தொழில்நுட்பமும் எவ்வளவு தூரம் தயாராக இருக்கின்றன என்பதை. மூன்றாவது, கீழே இருப்பதை நாம் எவ்வளவு உறுதியாக அறிந்திருக்கிறோம் என்பதை. மூன்றும் ஒன்றாக இருந்தால் அதைவிட நல்ல செய்தி கிடையாது. எங்கோ ஒரு நாட்டில் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவர் கொள்ளேகாலுக்கு அப்பால் இருக்கும் நம்முடைய ஹனூரைப் பார்த்திருக்க மாட்டார். அந்த மூன்று எண்களைப் பார்த்தால் போதும், அவருக்குப் புரிந்துவிடும்.

எனக்கு அந்த மூன்றாவது எண்தான் பிடிக்கும். மற்ற இரண்டுக்கும் வக்கீல், வியாபாரி, பொறியாளர் என்று பலரைக் கேட்க வேண்டும். மூன்றாவது எண்ணுக்குத் துளை போட்ட இடங்களின் வரைபடமும் உள்ளேயிருந்து வந்த கல்லும் போதும். அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

அலுவலகத்தில் ஒரு கள மேற்பார்வையாளர் இருந்தார். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். அங்கே சுரங்கம் மூடியதும் துளை போடும் வண்டிகளோடு ஊர் ஊராகப் போய், கடைசியில் மைசூரில் நின்றவர். அலுவலகத்தில் என்னோடு தமிழில் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான். நான் சேர்ந்த முதல் நாள், எனக்குக் கொடுத்த மேசை படிக்கட்டுக்குப் பக்கத்தில் வெளிச்சமே இல்லாத மூலையில் இருந்தது. அவர் எதுவும் சொல்லாமல் தன் மேசையிலிருந்த கோப்புகளை எடுத்து அந்த மூலையில் வைத்துவிட்டு, "நீ ஜன்னலாண்ட உக்காரும்மா. படிக்கிற வேலை உன்னுது. நான் எங்க இங்க இருக்கப்போறேன்," என்றார். ஒன்பது வருட இடைவெளிக்குப் பிறகு வந்தவளை மற்றவர்கள் ஒரு மாதிரி மரியாதையோடு தள்ளியே வைத்திருந்த நாட்கள் அவை. அந்த ஜன்னல் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

என்னிடம் வந்த கோப்புகளில் ஒன்று, ஹனூர் பக்கத்துக் கருங்கல் கோப்பு. வழவழவென்று மெருகேற்றி, கல்லறைக்கும் சமையலறை மேடைக்கும் போடுகிறார்களே, அந்தக் கறுப்புக் கல். அந்தப் பகுதியில் அது பூமிக்குள் ஒரு சுவர் மாதிரி நீளமாக ஓடும். மேலே வரிசையாகக் கறுத்த பாறைகள் தலைகாட்டும். சில இடத்தில் மண்ணுக்குள் போய் மறைந்துவிடும். மறைந்த இடத்திலும் சுவர் தொடர்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்காக இரண்டு வருடத்துக்கு முன்பு, அங்கே குவாரி தொடங்க நினைத்த ஒரு கல் கம்பெனி கேட்டு, எங்கள் நிறுவனம் கிழக்கிலிருந்து மேற்காக எட்டுத் துளைகள் போட்டிருந்தது. அறிக்கையை எழுதிய நிலவியலாளர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டார். துளை போட்டதும் அதைப் பதிவு செய்ததும் மேற்பார்வையாளர். அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். எட்டுத் துளையிலும் நல்ல கறுப்புக் கல், விரிசல் குறைவு என்று எழுதியிருந்தார். படங்களும் இருந்தன.

இப்போது வெளிநாட்டிலிருந்து ஒருவர் அந்தக் கல்லை வாங்க முன்வந்திருந்தார். அவருக்கு சர்வதேச எண் வேண்டும். நான் வரைபடத்தைப் பார்த்தேன், பதிவுகளைப் பார்த்தேன், முழு நீளத்துக்கும் மூன்றாவது எண்ணாக ஒன்று போட்டேன். அரை நாள் வேலை.

எங்கள் நிறுவனத் தலைவர் கன்னடக்காரர், எதையும் நிதானமாகச் செய்கிறவர். எண்ணைப் பார்த்துவிட்டு, "கையெழுத்துப் போடுகிறவர் ஒருமுறையாவது இடத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று வாங்குகிறவர் கேட்கிறார். நீங்கள் போய்விட்டு வாருங்கள். அங்கே பாதிப் பேர் தமிழர்கள், உங்களுக்குச் சுலபம்," என்று கன்னடத்தில் சொன்னார். மேற்பார்வையாளர் கூட வருவதாக இருந்தது. ஆனால் அந்த வாரம் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். தங்கவயலுக்குப் போய்விட்டார். நான் தனியாகவே காலை பஸ்ஸில் கொள்ளேகால் போய், அங்கிருந்து ஹனூர் போய், ஒரு ஆட்டோ பிடித்து அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆட்டோ காட்டு வழியில் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனபோது, கல்யாணத்துக்கு முன்பிருந்த நான் திரும்பி வந்துவிட்ட மாதிரி சந்தோஷமாக இருந்தது.

துளை போட்டு முடித்ததும் அந்த இடத்தில் ஒரு சின்ன சிமென்ட் கட்டை நட்டு எண் எழுதிவைப்பது வழக்கம். முதல் கட்டை கிழக்கே ஒரு பாறைக்கு அடியில் கிடைத்தது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதைக் கள்ளி மறைத்திருந்தது. ஆறாவது ஒரு வேப்பமரத்துக்குப் பக்கத்தில். அதன்பின் கறுத்த பாறைகள் மண்ணுக்குள் போய்விட்டன, உழுத வயல் ஆரம்பித்தது. கைப்பேசியில் ஏழாவது துளையின் இடத்தைப் போட்டுக்கொண்டு நடந்தேன். அது வயலின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது. கட்டை இல்லை. எட்டாவது இடத்துக்குப் போனேன். அங்கேயும் இல்லை. காலால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க அம்மணி தேடறீங்க?"

வரப்பில் ஒரு பெண் நின்றிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். தலையில் துண்டு, கையில் களைக்கொத்து. அந்த வயலுக்குச் சொந்தக்காரர். கணவர் லாரி ஓட்டப் போயிருக்கிறார், வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்று பிறகு தெரிந்தது.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க துளை போட்டாங்க இல்லையா, அந்த இடத்தைத் தேடறேங்க. மைசூர்லருந்து வர்றேன்."

"தமிழு பேசறீங்களே," என்றார். முகம் மலர்ந்தது. அந்தப் பக்கத்தில் மானாவாரி வயலைக் காடு என்பார்கள். "எங்க காட்டுல துளையே போடலீங்களே. போர் வண்டி அந்த வேப்பமரத்தோட நின்னு போச்சுங்க."

"இங்க வரவே இல்லையா? நீங்க ஊர்ல இல்லாதப்ப வந்திருக்கலாமில்ல?"

"நான் எங்கீங்க போறேன்? அப்ப ஜோளம் கருது புடிச்சு நின்னுதுங்க. இன்னும் பத்து நாள்ல அறுப்பு. வண்டி உள்ள வந்தா பாதி வெள்ளாமை போயிருமுங்களே. அந்தப் பெரியவரு நல்ல மனுசனுங்க. நான் சொன்னதும் சரிம்மா, அறுத்து முடிங்க, அப்புறமா வர்றேன்னு சொல்லிட்டு வண்டியத் திருப்பீட்டாரு. நானும் அறுத்துட்டுக் காத்துட்டுத்தான் இருக்கறனுங்க. இப்பத்தான் வருதுங்களா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் விடவில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் டீ போட்டுக் கொடுத்தார். கல் கம்பெனிக்காரர்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டிருப்பதையும், பதினைந்து வருடமாகக் காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனதையும் சொன்னார். பக்கத்துக் காட்டுக்காரர் பட்டுப்பூச்சிக்காக மல்பெரி வைத்தாராம். இவரையும் வைக்கச் சொன்னாராம். "கம்பெனிக்காரங்க எடுக்கப்போற காட்டுல செடிய வெச்சு என்ன பண்றதுங்க? வுட்டுட்டேன்," என்றார். நிலத்தைக் கொடுக்கப்போவது பற்றி அவருக்குத் துக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கொள்ளேகாலில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். நான் கிளம்பும்போது என் கைப்பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டார்.

கொள்ளேகால் போகும் பஸ்ஸில், ஏதோ ஒரு விளக்கம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். துளைகளை வேறு பக்கம் மாற்றிப் போட்டிருப்பார், வரைபடத்தில் திருத்த மறந்திருப்பார். அந்த அம்மாவுக்குப் பக்கத்துக் காடு எதற்குத் தெரியப்போகிறது? கல் இருந்தால் போதும். துளைக்குள்ளிருந்து வரும் உருளையான கல்லை நாங்கள் கோர் என்போம். அந்த எட்டுத் துளைகளின் கோரும் சாமராஜநகரில் ஒரு வாடகைக் கிடங்கில் பெட்டி பெட்டியாக இருந்தது. மறுநாள் அங்கே போனேன். காவல்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஏழாம் எண், எட்டாம் எண் பெட்டிகள் இருந்தன. ஒரு நிமிடம் மூச்சு வந்தது. திறந்து பார்த்தேன். கறுத்த, நேர்த்தியான கோர். எல்லாமே நீளவாக்கில் இரண்டாக அறுத்த பாதிகள். அதில் தவறு இல்லை. கோரை அப்படித்தான் அறுப்போம். ஒரு பாதி சோதனைக்கூடத்துக்குப் போகும், மறுபாதி பெட்டியில் இருக்கும். மூடிவிட்டுக் கிளம்பியிருப்பேன். ஆனால் ஏழாம் பெட்டியில் ஒரு துண்டில் வெள்ளை நூல் மாதிரி ஒரு கோடு குறுக்கே போய், நடுவில் சட்டென்று மடங்கியிருந்தது. அந்த மடிப்பை எங்கோ பார்த்திருந்தேன். அறிக்கையில் இருந்த படங்களில் மூன்றாவது துளையினுடையதில்.

மூன்றாம் பெட்டியை இழுத்துத் திறந்தேன். அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன். இரண்டு பாதிகளையும் இரண்டு கையில் பிடித்து, அறுத்த முகத்தோடு அறுத்த முகத்தை வைத்தேன். புளியங்கொட்டைப் பருப்பு மாதிரி சேர்ந்துகொண்டன. வெள்ளைக் கோடு ஒரு பாதியில் முடிந்த இடத்தில் மறு பாதியில் தொடர்ந்தது. இன்னும் நான்கு துண்டுகளை எடுத்துச் சேர்த்துப் பார்த்தேன். எல்லாம் சேர்ந்தன. எட்டாம் பெட்டியிலிருந்தவை ஐந்தாம் பெட்டியிலிருந்தவற்றோடு சேர்ந்தன. சோதனைக்கூடத்திலிருந்து திரும்பி வந்த பாதிகளை வைத்து இல்லாத இரண்டு துளைகளை அவர் உண்டாக்கியிருந்தார்.

பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டோம் என்கிற எண்ணமே வரவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஒன்பது வருடம் கழித்துக் கிடைத்த வேலை. அந்த அலுவலகத்தில் எனக்கு என்று இருந்தவர் அவர் ஒருவர்தான். அரை நாளில் நான் போட்ட அந்த ஒன்று வேறு என் கோப்பில் இருந்தது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். காப்பியடித்த விடைத்தாள்களைப் பார்த்துப் பழகியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மொதல்ல அவர்ட்ட கேளு," என்றார். "ஆபீஸ்ல சொல்றதுக்கு முன்னாடி அவர்ட்ட கேட்டுடு. ஆனா கேட்டுட்டுச் சும்மா இருந்துடாதே."

"சும்மா இருந்துட்டா?"

"உன் கையெழுத்து இல்ல அதுல?"

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் கல்யாண வீட்டு மைசூர்பாகு ஒரு டப்பா கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்குத் தனியாக இரண்டு துண்டு அதிகமாக, "பொண்ணுக்கு," என்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, எதிர்க் கடையில் டீ குடிக்கலாமா என்று கேட்டேன்.

டீ வந்தது. நான் கிடங்குக்குப் போனேன் என்று மட்டும்தான் சொன்னேன். அவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"மூணையும் ஏழையும் சேத்துப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

பிறகு அவராகவே சொன்னார். "அந்தம்மா கேட்டாங்க, பத்து நாள் பொறுங்கன்னு. கருது புடிச்சு நிக்கிற பயிரு, மேல எப்பிடிம்மா வண்டிய ஏத்தறது? சரின்னுட்டேன். வண்டி வாடகை வண்டி. அத்த இன்னொரு சைட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க. அப்பால மழ. இங்க அறிக்கை எங்க, அறிக்கை எங்கன்னு ஒரே போன். நாலு நாள்ல குடுக்கணும்னாங்க. எட்டுத் துளைன்னு ஒப்பந்தம். இன்னா பண்றது?"

"ஆறு துளைன்னு எழுதியிருக்கலாமே சார்."

"எழுதியிருக்கலாம்," என்றார். "ஆனா அந்தக் கல்லு மேக்கால போவுதும்மா. எனக்குத் தெரியும். முப்பத்தஞ்சு வருஷமா கல்லு பாக்கறேன். ஆறாவது துளையில எப்பிடி வந்துச்சோ அப்பிடியேதான் ஏழுலயும் எட்டுலயும் வரும். பொய் எழுதலம்மா நான். கொஞ்சம் முன்னாடியே எழுதிட்டேன், அவ்ளோதான்."

அவர் அதை உண்மையாகவே நம்பினார். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. ஏமாற்றுகிறவராக இருந்திருந்தால் கோபப்பட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

"சார், மூணாவது எண் கல்லப் பத்தினது இல்ல," என்றேன். வார்த்தையைத் தேடித் தேடித்தான் சொன்னேன். "கல்லு அங்க இருக்கா இல்லையாங்கறது கல்லோட விஷயம். நாம எவ்வளவு பாத்திருக்கோம்கறதைத்தான் அந்த எண் சொல்லுது. அங்க நாம ஒண்ணுமே பாக்கல."

அவர் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார். "நீயே சொல்லிடும்மா. எனக்கு வாய் வராது," என்றார். பிறகு, நான் படியேறும்போது, பின்னாலேயே வந்தார். தலைவரின் அறைக்குள் நான் சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுக்கக் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

தலைவர் சத்தம் போடவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று அதை வெகுநேரம் துடைத்தார். மேற்பார்வையாளரைப் பார்த்து, "வேறு எந்தக் கோப்பிலாவது இப்படி இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றார் மேற்பார்வையாளர். "உங்கள் வார்த்தையை வைத்து இனி நான் எதையும் அனுப்ப முடியாது. புரிகிறதா?" என்றார் தலைவர். புரிகிறது என்றார் மேற்பார்வையாளர். அடுத்த இரண்டு மாதம் அவர் பதிவு செய்த எல்லாக் கோப்புகளையும் நான் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. சொன்னால் நம்புவது கடினம், அத்தனை கோப்புகளில் ஒரு எண் கூடப் பிசகவில்லை.

என் கோப்பைத் திருத்தினேன். கிழக்கே ஆறு துளைகள் வரைக்கும் மூன்றாவது எண் ஒன்றாகவே இருந்தது. மேற்கே அதை மூன்றாக்கினேன். வாங்க வந்தவர் ஏன் என்று கேட்டு எழுதினார். தலைவரே பதில் எழுதினார், எதையும் மறைக்கவில்லை. வாங்க வந்தவர் விலகிப் போய்விடுவார் என்று நாங்கள் நினைத்தோம். போகவில்லை. மேற்கே துளை போட்டு முடித்த பிறகு பேசலாம் என்றார். வண்டியை அனுப்பும் செலவு எங்கள் நிறுவனத்தின் மேல் விழுந்தது. துளை போடப்போவது யார் என்று நான் கேட்டபோது, "அவர்தான். அவரைவிட நன்றாகப் போட இங்கே ஆள் இல்லை. நீங்கள் கூடவே இருங்கள்," என்றார் தலைவர்.

தை மாதம் போனோம். அறுவடை முடிந்து காடு காலியாகக் கிடந்தது. வண்டி வேப்பமரத்தைத் தாண்டி உள்ளே இறங்கியதைப் பார்த்து அந்த அம்மா வரப்பில் வந்து நின்றார். மேற்பார்வையாளரை அடையாளம் தெரிந்துகொண்டார். "சொன்ன மாதிரியே வந்துட்டீங்களே," என்றார். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஏழாவது துளையில் முதலில் கறுப்புக் கல் வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்தடுத்து எடுத்த கோர் துண்டு துண்டாக வந்தது. பிறகு சரளை மாதிரி நொறுங்கி, பழுப்புக் களிமண்ணோடு வந்தது. அதற்குக் கீழே வெளிறிய சாதாரணப் பாறை. எட்டாவது துளையில் கறுப்பே இல்லை. மண், பிறகு வெளிறிய பாறை, கடைசிவரைக்கும் வெளிறிய பாறை. எப்போதோ பூமி உடைந்து நழுவியதில் அந்தக் கறுப்புச் சுவர் அங்கே அறுந்துபோயிருந்தது.

மேற்பார்வையாளர் கோர்த் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கி, மேலே தண்ணீர் தெளித்து, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கல்லை நனைத்தால்தான் அதன் நிறம் தெரியும். நனைந்தும் அது வெளிறித்தான் இருந்தது.

"முப்பத்தஞ்சு வருஷம்," என்றார். ஒரு பொய் உண்மையாகிவிட்டால் நன்றாக இருக்குமே என்று அந்த இரண்டு நாளும் நானும் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த அம்மாவிடம் நான் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று அவரே போனார். நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

"அம்மா, உங்க நிலத்துல அந்தக் கல்லு இல்லீங்க."

"எங்க காட்டுல ஒண்ணுமே இல்லீங்களா?"

"இல்லீங்க. கம்பெனிக்காரங்க அந்த வேப்பமரத்தோட நிறுத்திக்குவாங்க."

அந்த அம்மா காட்டைப் பார்த்தார். துளையைச் சுற்றிக் குழம்பிக் கிடந்த சேற்றைப் பார்த்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"ஏனுங்க, அன்னைக்கு ஜோளத்த மிதிச்சிட்டு வண்டி வந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமுங்களா?"

"தெரிஞ்சிருக்கும்."

"அப்ப நான்தான் கெடுத்துக்கிட்டனுங்களா?"

மேற்பார்வையாளர் நடந்ததை முழுக்கச் சொன்னார். தான் திரும்பி வராததையும், வந்ததாக எழுதியதையும், அந்த எழுத்தை நம்பித்தான் கம்பெனிக்காரர்கள் நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும். "நீங்க பத்து நாள்தான் கேட்டீங்க. மீதி ரெண்டு வருஷம் என்னோட தப்பு," என்றார். அந்த அம்மாவுக்கு எல்லாம் புரிந்ததா தெரியாது. புரிய வேண்டியது புரிந்தது.

"ரெண்டு வருசமா நான் ஒரு மல்பெரிச் செடி வெக்கலீங்களே," என்றார்.

அன்று யாரும் டீ குடிக்கவில்லை. வண்டியை ஏற்றும்போது மேற்பார்வையாளர் மறுபடியும் அந்த அம்மாவிடம் போனார். ஏழாவது துளையில் கல் நொறுங்கி வந்த ஆழத்தைச் சொல்லி, அந்த மாதிரி உடைசலில் தண்ணீர் நிற்கும், கிணற்றுத் துளை போடுவதாக இருந்தால் இங்கே போடுங்கள் என்றார். அந்த அம்மா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, தண்ணி இருக்குங்களா?"

"இருக்கலாமுங்க. இருக்கும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது," என்றேன்.

மேற்பார்வையாளர் தரையைப் பார்த்தார். என்னுடைய பதில் சரியானதுதான். ஆனாலும் அந்த இடத்தில் அதை அப்படிச் சொல்லியிருக்க வேண்டுமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

சித்திரையில் ஒரு நாள் அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். மேற்பார்வையாளர் சொன்ன இடத்திலேயே துளை போட்டார்களாம், தண்ணீர் வந்துவிட்டதாம். அமோகமாக இல்லை, இரண்டு மணி நேரம் ஓட்டினால் நின்றுவிடுகிறது, பிறகு ஊறுகிறது. பாதிக் காட்டுக்கு மல்பெரி வைத்திருக்கிறார். "அந்தப் பெரியவருகிட்ட சொல்லுங்க," என்றார். மன்னித்துவிட்டதாகவோ வேறெதுவுமாகவோ சொல்லவில்லை. தகவல் சொல்கிற மாதிரி சொன்னார். கொள்ளேகால் வீட்டைப் பற்றி நான் கேட்டேன். "பாக்கலாமுங்க," என்றார்.

மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் படிக்கட்டுக்குப் பக்கத்து மேசையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். "எவ்ளோ ஆழத்துல?" என்று கேட்டார். சொன்னேன். தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

அந்த வருடக் கடைசியில் அவர் வேலையை விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. கண் முன்பு மாதிரி இல்லை, மகள் தங்கவயலுக்கே வந்துவிடச் சொல்கிறாள் என்றார். அவர் போன பிறகு புதிதாக வந்தவரோடு கோப்பை முடித்தேன். கிழக்குப் பகுதியில் மட்டும் குவாரி வந்தது, நினைத்ததைவிடச் சிறியது. வாங்க வந்தவர் இன்றும் எங்களுக்குத்தான் வேலை கொடுக்கிறார். அதற்குக் காரணம் நாங்கள் மாற்றிப் போட்ட அந்த ஒரு எண்தான் என்று தலைவர் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வதுண்டு. சொல்லும்போது மேற்பார்வையாளரைப் பற்றிச் சொல்ல மாட்டார். அந்த நாகரிகம் அவருக்கு உண்டு.

நான் இப்போது எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் நிலத்துக்காரரின் போன் எண்ணைத் தேடுகிறேன். பல அறிக்கைகளில் அது இருக்காது. கனிமத்தின் அளவு, தரம், ஆழம் எல்லாம் இருக்கும், மேலே உழுது பயிர் செய்கிறவரைப் பற்றி ஒரு வரி இருக்காது. கேட்டு வாங்கிப் பேசுவேன். எந்திரம் வந்ததா, எந்த மாதம் வந்தது, அப்போது காட்டில் என்ன இருந்தது என்று கேட்பேன். பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். சிலர் எதற்கு இதெல்லாம் என்று எரிச்சல்படுவார்கள். ஒருவர் நான் ஏதோ ஏமாற்றுக்காரி என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார். அன்று அந்தக் கோப்பை ஓரமாக வைத்துவிட்டு, மறுநாள் அவர் ஊருக்குப் பஸ் ஏறினேன்.